யாரும் வேண்டிக்கொள்ளாத வேண்டுதல்

செல்வி கண்ணு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. தபால்காரர் வீட்டுக்குப் போகாமல் நேராக இரும்பு மில் கேட்டுக்கே கொண்டுவந்து, "டீச்சரம்மாவோட அப்பா யாருப்பா?" என்று கேட்டிருக்கிறார். வாட்ச்மேன் முதல் மேஸ்திரி வரை எல்லோரும் என் பக்கம்தான் கை காட்டினார்கள். கும்மிடிப்பூண்டியில் இன்று இத்தனை ஃபாக்டரி, இத்தனை புகைபோக்கி, இத்தனை சைக்கிள். ஆனால் டீச்சரம்மா அப்பா என்று கேட்டால் ஒரே ஒருவன்தான். நான் உன்னைப் பெற்ற அப்பா இல்லை, அவருடைய தம்பி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் நாலு வயதிலிருந்து நீ என்னை நைனா என்றுதான் கூப்பிடுகிறாய், அந்தப் பட்டத்தை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. சாப்பாட்டு நேரத்தில் உன் கடிதத்தைப் பன்னிரண்டு பேருக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். உன் கையெழுத்தைப் பார்த்து ஒருவன் இது அச்சடித்ததா என்று கேட்டான். கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டவில்லை. அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்தப் பக்கத்துக்குத்தான் இந்தப் பதில்.

நீ எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அதுவும் இனிமேல் இவனுக்குச் சொல்லிக்கொடுக்க என்னிடம் ஒன்றும் பாக்கி இல்லை என்று வாத்தியாரே கைவிரித்ததால் நின்றேன், உனக்குத் தெரியும். உனக்கு எங்கள் மில் சாமுவேலைப் பிடித்திருக்கிறது. அவனுக்கும் உன்னைப் பிடித்திருக்கிறது. கவரைப்பேட்டையிலிருந்து அவன் அம்மா அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் திருவள்ளூருக்கு, உன் ஹாஸ்டலுக்கு வருகிறார். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு சர்ச்சில் ஓலை வாசிக்க வேண்டும், இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை இருந்தால் சொல்லுங்கள் என்று. அந்த ஓலையில் உன் பெயர் ஏற வேண்டுமானால் நீ ஞானஸ்நானம் எடுத்திருக்க வேண்டும் என்பது அவர் கட்சி. நீ மாட்டேன் என்று சொல்லப் போகிறாய். அதற்கு மூன்று காரணம் எழுதியிருக்கிறாய். மனசுக்குள் நம்பிக்கை வராமல் கல்யாணத்துக்காக மட்டும் தலையை நனைத்துக்கொண்டால் அது அந்தச் சாமிக்கே மரியாதை இல்லை, இது முதலாவது. அம்மனிடம் உனக்குப் பேச வருகிறது, வேறு எங்கேயும் அப்படி வரவில்லை, இது இரண்டாவது. மூன்றாவது, உன்னைப் பெற்ற எஸ்தர், தான் கிறிஸ்தவளாக இருந்தும், சாகும்போது உன்னைப் பெரியபாளையத்து அம்மன் மடியில் விட்டுப் போனாள், அந்த வேண்டுதலை மீற உனக்கு உரிமை இல்லை. "அம்மா சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி அனுப்புங்கள் நைனா, நான் அவர்களிடம் படித்துக் காட்டுகிறேன், அதற்கு மேல் யாரும் பேச மாட்டார்கள்" என்று முடித்திருக்கிறாய்.

முதல் இரண்டு காரணத்தையும் படித்தபோது எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது, சட்டைப் பொத்தான் தெறித்தது. உன் சித்தி அது போன வாரமே அறுந்த பொத்தான் என்கிறாள், அதை விடு. நம் தெருவில் எத்தனை பேர் எத்தனை விதமாக மதம் மாறியதைப் பார்த்திருக்கிறேன். பள்ளிக்கூடத்துக்காகப் போனவன் உண்டு, பால் பவுடருக்காகப் போனவன் உண்டு, சாதிச் சான்றிதழுக்காகத் திரும்பி வந்தவன் உண்டு, மாமனார் வீட்டுக்காகப் போய் மாமனார் செத்ததும் திரும்பியவனும் உண்டு. அவர்களில் யாரையும் நான் தப்புச் சொல்ல மாட்டேன், வயிறும் வாழ்க்கையும் அப்படி. ஆனால் எனக்கு எது ஒத்துவரும், நான் எதை நம்புகிறேன் என்று உட்கார்ந்து யோசித்துக் காகிதத்தில் எழுதிய ஆளை நான் இதுவரை பார்த்ததில்லை. நம் வம்சத்திலேயே இது முதல் தடவை. வயலில் குனிந்து குனிந்து நாற்று நட்டவர்களுக்கு எந்தச் சாமி என்று யோசிக்க யார் நேரம் கொடுத்தார்கள்?

சாமுவேலிடமும் பேசினேன். உன்னிடம் கேட்காமல் பேசியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. ஷிஃப்ட் முடிந்து வந்தவனை மில் எதிரில் இருக்கிற டீக்கடையில் உட்கார வைத்தேன். பையன் என்னைப் பார்த்ததும் நடுங்கிப் போனான், என் பார்வை அப்படி. டீ வந்த பிறகுதான் அவனுக்குப் பேச்சு வந்தது.

"மாமா, எனக்கு ஒண்ணும் இல்ல. செல்வி எப்படி இருக்குதோ அப்படியே வந்தா போதும். எங்கம்மாதான் ஓலை, ஓலைன்னு உயிர வாங்கிக்கினு இருக்குது."

"உங்கம்மாவுக்கு இன்னா பிரச்சினை? என் பொண்ணு அம்மனக் கும்புடறதா, இல்ல கேள்வி கேக்கறதா?"

"ரெண்டும்தான் மாமா."

"கேள்வி கேக்கறத நிறுத்த முடியாது, தம்பி. இப்பவே சொல்லிட்டேன். அதுக்கு ஞானஸ்நானம் குடுத்தா பாதிரியாருக்குத்தான் பேஜாரு."

அவன் சிரித்துவிட்டான். சிரிக்கிறவன் நல்ல பையன். அவன் அம்மாவையும் கெட்டவர் என்று நினைக்காதே. உன் அம்மாவும் அவரும் ஒரே சர்ச்சில் பக்கத்தில் பக்கத்தில் நின்று பாடினவர்கள். "எஸ்தரு அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டா" என்று அவர் வீட்டில் சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இதைச் சாமுவேல் டம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னான். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஏன் என்று கொஞ்சம் பொறுத்துச் சொல்கிறேன்.

மதம் என்றால் எனக்குத் தெரியாதது இல்லை. நான் நாலு பார்த்தவன். பிறந்தது எல்லம்மனுக்கு. உன் அப்பாவும் அம்மாவும் கல்யாணம் கட்டிய புதிதில் அண்ணியின் மனசு குளிரட்டும் என்று ஒரு தவக்காலம் முழுக்க சர்ச்சுக்குப் போனேன். என் குரலைக் கேட்டு பாடகர் குழுவில் சேரச் சொல்லிக் கெஞ்சினார்கள். மில்லில் சேர்ந்த பிறகு கிரேன் ஓட்டும் காதர் பாயோடு சேர்ந்து ஒரு ரம்ஜான் முழுக்க நோன்பு இருந்தேன். ஊரில் முப்பது நாள் என்று சொல்லி வைத்திருக்கிறேன், உனக்கு மட்டும் சொல்கிறேன், பதினோரு நாள். அப்புறம் ஆறு மாதம் கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு சாமியே கிடையாது என்று எளாவூர் செக்போஸ்ட் வரைக்கும் போய், நிற்கிற லாரிக்காரர்களிடம் எல்லாம் வாதாடினேன். தெலுங்கில் வேறு வாதாடினேன். அந்த ஆறாவது மாதத்தில்தான் கம்பி எகிறியது. சிவக்கச் சிவக்க உருளையிலிருந்து வருகிற கம்பி தடம் மாறி, பாம்பு மாதிரி தலையைத் தூக்கி, நேராக என்னைப் பார்த்து வந்து, என் மீசையைப் பொசுக்கிக்கொண்டு தலைக்கு மேல் பாய்ந்தது. இதை எழுதும்போதே பக்கத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருக்கிற உன் சித்தி, "பத்தடி தள்ளிப் போச்சுன்னு காதர் பாய் சொன்னாரு. மீசைய நீதான் பீடி பத்த வெக்கும்போது பொசுக்கிக்கின" என்கிறாள். எத்தனை அடி என்பது முக்கியம் இல்லை. நான் எல்லம்மா என்று கத்தினேன். மேலேயிருந்து காதர் பாய் யா அல்லா என்றார். மேஸ்திரி ஏசுவே என்றார். கம்பி யார் சொன்னதையும் கேட்காமல் தன்பாட்டுக்குப் போய் மணலில் விழுந்தது.

அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன், அதை உனக்குச் சொல்கிறேன். பயத்தில் வாயில் வருவதை வைத்து ஒருவனுக்கு எந்த மதம் பொருந்தும் என்று சொல்ல முடியாது. அது வெறும் பழக்கம், கால் இடறினால் அம்மா என்பது போல. பயம் எல்லாம் அடங்கிய பிறகு, சாயங்காலம், நடந்ததை யாரிடம் போய்ச் சொல்லத் தோன்றுகிறது என்று பார்க்க வேண்டும். மேஸ்திரி வீட்டுக்குப் போய்ப் போர்த்திக்கொண்டு படுத்துவிட்டார். காதர் பாய் பள்ளிவாசலுக்குப் போனார். நான் வேப்பமரத்தடியில் நம் எல்லம்மன் கல்லுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, கம்பி எப்படி வந்தது என்று ஒரு மணி நேரம் சொன்னேன். அவள் மட்டும்தான் நடுவில் குறுக்கே பேசாமல் கேட்பவள். மறுநாள் கறுப்புச் சட்டையைக் கழற்றிக் கரித்துணியாக அடுப்பங்கரைக்குக் கொடுத்தேன். நீ உன் கடிதத்தில், அம்மனிடம் எனக்குப் பேச வருகிறது என்று எழுதியிருந்தாயே, நான் ஒரு ஆயுசு சுற்றிக் கண்டுபிடித்ததை நீ இருபத்திரண்டு வயதில் ஒரே வரியில் எழுதிவிட்டாய். அதற்குத்தான் பொத்தான் தெறித்தது.

இனிமேல் எழுதப் போவதுதான் உன் மூன்றாவது காரணத்தைப் பற்றியது. உன் அம்மா செத்த கதையை நீ ஆயிரம் தடவை கேட்டிருப்பாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் எஸ்தர் கண்ணைத் திறந்தாள், சன்னலுக்கு வெளியே நிற்கிற வேப்பமரத்தைக் காட்டினாள், "அதோ அம்மா வந்து நிக்கறா, எம் புள்ளய அவ மடியில வையி, வருசா வருசம் வேப்பஞ்சேலை கட்டு" என்றாள், மரம் காற்றே இல்லாமல் ஆடியது. இந்தக் கதையைக் கேட்டு அழாத பொம்பளை நம் தெருவில் இல்லை. ஒவ்வொரு ஆடி மாதமும் வண்டி கட்டிக்கொண்டு பெரியபாளையம் போய், உன் உடம்பில் வேப்பிலையைச் சுற்றிக் கட்டி, சின்னப் பச்சைக் கிளி மாதிரி உன்னைக் கோயிலைச் சுற்றி நடத்துவோம். நீ தலை முழுகின குளிரில் பல்லைக் கடித்துக்கொண்டு, அம்மாவுக்காக, அம்மாவுக்காக என்று சொல்லிக்கொண்டே சுற்றுவாய். பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்டால் நான் கதையைச் சொல்வேன். வருஷத்துக்கு ஒரு இலை கூடும். முதல் வருஷம் மரம் ஆடியது. மூன்றாம் வருஷம் மணி ஓசை கேட்டது. ஐந்தாம் வருஷம் நர்ஸம்மாவே கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கண்ணு, அந்தச் சன்னலுக்கு வெளியே வேப்பமரம் கிடையாது. சைக்கிள் நிறுத்துகிற தகரக் கொட்டகைதான் இருந்தது.

உன் அப்பா லாரி மோதிப் போனபோது உனக்கு ஒரு வயது. உன் நாலாவது வயதில் அண்ணிக்கு மஞ்சள் காமாலை வந்தது. உனக்கு ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்று அவள் நீ பிறந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். உன் அப்பா அறுப்பு முடியட்டும், அடுத்த அறுப்பு முடியட்டும் என்று தள்ளிக்கொண்டே வந்தவர், அவரே முடிந்துபோனார். அவர் போன பிறகு கூலி வேலைக்கு ஓடிய அண்ணிக்கு அதற்கு நேரம் வாய்க்கவில்லை. கடைசி நாள் மத்தியானம் வார்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது இதுதான்: "தம்பி, புள்ளய உபதேசியார் கிட்ட குடுத்துடு. ஞானஸ்நானம் குடுக்கச் சொல்லு. படிக்க வையி." அவ்வளவுதான். அப்புறம் தண்ணி கேட்டாள். அப்புறம் பேசவில்லை.

மூன்றாம் நாள் உபதேசியார் சைக்கிளில் வந்தார். சர்ச்சில் பாதிரியார் இல்லாத நாளில் ஜெபம் நடத்தி, எங்களைப் போன்றவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த நல்ல மனிதர். மிஷன் ஹாஸ்டலில் இடம் இருக்கிறது, பிள்ளையை நாளைக்கே அழைத்துப் போகலாம் என்றார். தெரு முழுக்கக் கூடி நின்றது. உன் சித்தி உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு கதவுக்குப் பக்கத்தில் நின்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம், பிள்ளை இல்லை. நீ அவள் காதுக் கம்மலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாய். உபதேசியார் என்னைப் பார்த்து, "எஸ்தர் கடைசியா இன்னா சொல்லிச்சு?" என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். சன்னல் வந்தது, வேப்பமரம் வந்தது, அம்மன் வந்தாள், மடி வந்தது. அரை மணி நேரம் சொன்னேன். எனக்கே தெரியாமல் கண்ணில் தண்ணீர் கொட்டியது. தெரு முழுக்க அழுதது.

உபதேசியார் மட்டும் அழவில்லை. "எஸ்தரா அப்படிச் சொல்லிச்சு?" என்றார்.

"அம்மன் மேல ஆணையா, ஐயா."

அவர் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சொன்ன பொய்யை நிறுத்த முடியாமல் அந்த ஆடியிலேயே உன்னைப் பெரியபாளையம் கூட்டிப் போனேன். யாரும் வேண்டிக்கொள்ளாத வேண்டுதலை நீ பதினெட்டு வருஷம் செலுத்தியிருக்கிறாய். என் வாழ்க்கையில் நான் கதை அளக்காத நாள் கிடையாது, பதினோரு நோன்பை முப்பது ஆக்குவேன், பத்தடியை மீசை ஆக்குவேன், அதனால் யாருக்கும் நஷ்டம் இல்லை. செத்தவள் வாயில் பேச்சை வைத்தது அப்படி இல்லை.

டீச்சர் டிரெயினிங்குக்கு நீ விண்ணப்பம் போட்டபோது அப்பா நிரப்ப வேண்டிய இங்கிலீஷ் ஃபாரம் எனக்கு நிரப்பத் தெரியவில்லை. படிப்புக் குறைவால் இல்லை, கண்ணாடி இல்லாததால். உபதேசியாரிடம்தான் கொண்டு போனேன். அவர் ஒவ்வொரு வரியாக எழுதிக்கொண்டே வந்து, மதம் என்கிற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

"இங்க இன்னா எழுதட்டும்?"

"இந்துன்னு எழுதுங்க ஐயா."

எழுதினார். எழுதிவிட்டு, மை காய ஊதினார். "நான் எழுதிட்டேன். ஆனா ஒரு நாள் அந்தப் பொண்ணு வந்து கேக்கும். அப்ப நீதான் பதில் சொல்லணும்" என்றார். அவருக்கு முதல் நாளே தெரியும் என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது. தெரிந்தும் அத்தனை வருஷமும் வழியில் பார்க்கும்போதெல்லாம் புள்ள நல்லா படிக்குதா என்பதைத் தவிர வேறு ஒன்றும் கேட்காத மனிதர். போன வருஷம் அவர் போய்ச் சேர்ந்தபோது பெட்டியைத் தூக்கியவர்களில் நானும் ஒருவன். முன்பக்கம் தூக்கினேன். இல்லை, பின்பக்கம்.

இதுவரை எழுதியதை உன் சித்திக்குப் படித்துக் காட்டினேன். பதினெட்டு வருஷமாக அவளிடமும் சொல்லாத விஷயம். கீரைக் காம்பைக் கீழே போடுவாள், ஒப்பாரி வைப்பாள், என்னைப் பேசித் தீர்ப்பாள் என்று காத்திருந்தேன். அவள் உருவிக்கொண்டே இருந்தாள்.

"எனக்கு அன்னிக்கே தெரியும்யா" என்றாள்.

"எப்படித் தெரியும்?"

"நீ நெசம் சொன்னா ரெண்டு வார்த்தைல முடிச்சிடுவ. அன்னிக்கு அரை மணி பேசின." அடுத்த காம்பை எடுத்துக்கொண்டே, "நான்தான் புள்ளய இறுக்கிப் புடிச்சுக்கினு நின்னேன். எனக்கும் பாதின்னு எழுது" என்றாள். எழுதிவிட்டேன்.

ஆகவே கண்ணு, உன் மூன்றாவது காரணத்தை அடித்துவிடு. சாமுவேலின் அம்மாவிடம் படித்துக் காட்ட உன்னிடம் அப்படி ஒரு வார்த்தை இல்லை. அவர் சொன்னதுதான் சரி, எஸ்தர் அப்படிச் சொல்லவில்லை. அதற்காக, அம்மா ஆசைப்பட்டாளே என்று ஓடிப்போய்த் தலையைக் குனியவும் வேண்டாம். நான் சொன்ன பொய்க்காக ஒரு மதத்தில் இருப்பதும், செத்தவள் சொன்ன நிஜத்துக்காக இன்னொன்றுக்குப் போவதும் எனக்கு ஒரே கணக்காகத்தான் தெரிகிறது. இரண்டிலும் நீ இல்லை. அம்மனிடம் பேச வருகிறது என்று எழுதினாயே, நான் சொன்ன கதையினால்தான் பேச வந்ததா, கதை போன பிறகும் பேச வருகிறதா, அதைப் பார். வராவிட்டால் பயப்படாதே, வேறு எங்கே வருகிறதோ அங்கே போ. வந்தால், இரண்டு காரணமே போதும், நிமிர்ந்து உட்கார்ந்து சொல். அம்மன் உன்னை வைத்துக்கொண்டாலும் ஏசு உன்னை வைத்துக்கொண்டாலும், யோசித்து வந்த பிள்ளை என்று அவர்கள் பெருமைப்பட வேண்டும், நான் பெருமைப்படுகிற மாதிரி. உன் அம்மா கேட்ட மூன்றில் நான் ஒன்றுதான் செய்தேன், படிக்க வைத்தேன். அந்த ஒன்று, ஞானஸ்நானத்தை நீயே தீர்மானிக்கிற இடத்துக்கு உன்னைக் கொண்டு வந்திருக்கிறது. அதை மட்டும் நான் எங்கே போனாலும் சொல்லிக்கொள்வேன், அதற்கு ஒரு இலையும் சேர்க்க வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானும் வருகிறேன். பெரியபாளையத்தில் இறங்கித்தான் திருவள்ளூர் பஸ் மாற வேண்டும். முதலில் கோயிலுக்குப் போய், அம்மனிடமே, அவள் பேரில் இத்தனை வருஷம் பேசியதைச் சொல்லிவிட்டு வருகிறேன். டிரங்குப் பெட்டியின் அடியில் உன் அம்மாவின் பாட்டுப் புத்தகம் இருக்கிறது, அட்டை போய்விட்டது, அவள் கையெழுத்து இருக்கிறது. அதைக் கொண்டு வருகிறேன். நீ எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் அது உன்னுடையது. சாமுவேலின் அம்மா வரும்போது நானும் உட்கார்ந்திருப்பேன். எஸ்தர் சொன்னதை என் வாயால் அவரிடம் சொல்வேன். அதற்குப் பிறகு நீ பேசு. மாட்டேன் என்று முடித்தாலும் சரி, எடுத்துக்கொள்கிறேன் என்று முடித்தாலும் சரி, நான் என்று ஆரம்பி. அம்மா சொன்னாள் என்று ஆரம்பிக்காதே. அந்த ஓலையில் உன் பெயர் ஏறினாலும் ஏறாவிட்டாலும், அப்பா என்று கையெழுத்துப் போடுகிற இடத்தில் நான் போடுவேன். என் கையெழுத்து கலெக்டர் கையெழுத்து மாதிரி இருக்கும்.

உபதேசியாரிடம் அன்றைக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதை இப்போது எழுதிப் பார்க்கிறேன். உன் சித்தி சொன்னது சரிதான், கொஞ்சம்தான் வருகிறது.

ஐயா, எஸ்தர் உங்ககிட்ட குடுக்கச் சொல்லிச்சு. எங்களால குடுக்க முடியல.

உன் நைனா